முப்பத்தொன்பதுக்கு எட்டு

அந்த அம்மாவிடம் எதைச் செய்யச் சொன்னாலும் முதலில் ஒன்று கேட்பார்.

"இதுக்கு எதைங்க விடணும்?"

விலை கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஒன்று வந்தால் ஒன்று போகும் என்பது அவர் கணக்கு. போவது என்ன என்று தெரிந்துகொண்டுதான் வருவதைத் தொடுவார். விட்ட பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பெயர் வேண்டாம். கல்பாக்கத்தில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே தனியாக இருந்தார். என்னைத் தம்பி என்பார். தம்பி என்றாலும் 'ங்க' போடுவார். எங்கள் பட்டறையில் யாரும் யாரையும் அப்படிப் பேசியதில்லை. பக்கத்துக் கடைக்காரன் அவர் வந்து போன நாளெல்லாம் என்னிடம் "சொல்லுங்க, போங்க, குந்துங்க" என்று ஒரு மணி நேரம் கிண்டல் செய்வான்.

பட்டறை செங்கல்பட்டில், பைபாஸ் ஓரம். நான் கியர் பாக்ஸ் மட்டும் பார்ப்பவன். லோடு வண்டி, வேன், ஷேர் ஆட்டோ வரும். அவர் வந்த வண்டி மாதிரி அதற்கு முன் வந்ததில்லை. இரண்டு பேர் உட்காரும் பழைய இங்கிலீஷ் வண்டி. மேலே கூரை கிடையாது. முழங்கால் உயரம்தான் இருக்கும். பச்சை நிறம்.

"அண்ணாத்த, சோப்பு டப்பா ஒண்ணு ஓடி வருது பாரு. சக்கரம் கூட வெச்சிருக்கான் அதுக்கு" என்றான் பக்கத்துக் கடைக்காரன்.

அவர் இறங்குவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். கதவைத் திறந்து பக்கவாட்டில் திரும்பினார். வலது காலை இறக்கினார். பிறகு இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, பையை எடுத்து வைப்பதுபோல வெளியே வைத்தார். எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கம்பு இல்லை. மெதுவாக நடந்து வந்தார்.

"கியர்ல இன்னா சத்தம் மேடம்?"

"சத்தம் ஒண்ணும் இல்லைங்க. பாக்ஸ் நல்லாருக்குது."

"அப்பால இன்னாத்துக்கு வந்தீங்கோ?"

"கியர் மாத்தற தடவையைக் குறைக்கணும். அதுக்குத்தான்."

கையில் சுருட்டி வைத்திருந்த கட்டம் போட்ட தாளை பானட்டின் மேல் விரித்தார். கோடுகள் ஏறி இறங்கி ஏறி இறங்கி ரம்பப் பல் மாதிரி இருந்தன.

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம்."

"இதுல இங்கிலீஷ் இல்லைங்க, வெறும் கோடுதான். கீழ இருக்கறது வண்டி போற வேகம். பக்கத்துல இருக்கறது என்ஜின் சுத்தற வேகம். ஒரு கோடு ஒரு கியர்."

கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்குக் காதால் தெரிந்ததைத்தான் அவர் வரைந்து வைத்திருந்தார். ஒரு இடத்தில் விரல் வைத்தேன். "இங்க ரெண்டாவது கத்தும். மூணாவது போட்டா இழுக்காது. கடைத்தெரு வேகம் இது."

என் விரலை நகர்த்தினார். அதன் அடியில் ஏற்கெனவே சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு காலைப் பற்றிச் சொன்னார்.

சின்ன வயதில் போலியோ. ஐம்பது வருடத்துக்கு மேல் தொந்தரவு இல்லாமல் இருந்தது. இப்போது வயதான பிறகு அந்தக் காலில் பலம் குறைந்துகொண்டு வருகிறது. வைத்தியம் கிடையாது. வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வருவார். அந்த முப்பது கிலோமீட்டருக்குக் கிளட்ச் மிதிப்பது தொண்ணூற்று மூன்று தடவை. எண்ணியிருக்கிறார். அறுபதுவரை கால் கேட்கிறது. அதற்கு மேல் மிதித்தால் மிதித்தோமா என்றே தெரிவதில்லை. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி வரும்.

"அறுபதுக்குள்ள கொண்டு வரணும் தம்பி."

"கிளட்சே இல்லாம புது வண்டி வருதே மேடம். ஆட்டோமேட்டிக்."

"பாத்தாச்சுங்க. கூரை போட்ட வண்டில என் தங்கச்சி உக்கார மாட்டா."

"ஒரு டிரைவர வெச்சுக்கலாமே."

"ரெண்டு சீட்டுங்க. டிரைவரும் அவளும் உக்காந்தா நான் எங்க உக்கார? நான் இல்லாம அவ ஏறமாட்டா."

அவர் சொன்ன கணக்கை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வழக்கம் வேறு. நான் பார்க்காமல் பெட்டியைத் திறக்கமாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சதுரங்கப்பட்டினம் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சட்டையின் இடது பையில் நூறு வாஷர் போட்டுக்கொண்டேன். அவர் ஒரு தடவை கிளட்ச் மிதித்தால் ஒரு வாஷரை வலது பைக்கு மாற்றுவேன். எனக்கு அப்படித்தான் எண்ண வரும். அவர் வாரம் இரண்டு நாள் வருகிற காப்பகத்து வாசலில் வண்டி நின்றதும் வலது பையைக் கொட்டி எண்ணினோம். தொண்ணூற்று நான்கு.

"ஒண்ணு நான் விட்டுட்டேன்" என்றார். தாளை எடுத்து மூன்றை அடித்து நான்கு போட்டார்.

காப்பகம் கொளவாய் ஏரியைத் தாண்டி இருந்தது. மனநிலை சரியில்லாதவர்களை வைத்துப் பார்க்கிற இடம். அவர் தங்கச்சி அங்கே இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இருபது வயதிலிருந்து பேச்சு இல்லையாம். அறைக்குள் இருந்தால் சுவரில் கையால் அடிப்பார். வலது கை விரல் கணுவெல்லாம் காய்த்துப் போயிருந்தது. வண்டியைப் பார்த்ததும் தானே வந்து ஏறி உட்கார்ந்தார். முன்கண்ணாடியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்து காற்று முகத்தில் அடித்ததும் வாயைத் திறந்து காற்றை வாங்கினார். சிரிப்பா என்று தெரியாது. சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

இருவரும் திருக்கழுக்குன்றம்வரை போய்க் கோயில் குளத்தைச் சுற்றித் திரும்பி வருவார்கள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். காப்பகத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். "செவ்வாக்கெழமயும் வெள்ளிக்கெழமயும் அதுக்கு ஊசி கெடையாது அண்ணா. மத்த நாளு ஊசி போட்டாத்தான் அடங்கும். இந்த ரெண்டு நாளும் தானா தூங்கிரும்."

அதே பெண் இன்னொன்றும் சொன்னாள். ஆளை வெளியே அனுப்ப ஆபீசில் லைசன்ஸ் நகல் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அனுப்பமாட்டார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. கால் விஷயம் வெளியே தெரியக் கூடாது. தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் கால் தோற்றுப்போகக் கூடாது. அதற்குப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும்.

வழி இருந்தது. காரின் பின் அச்சில் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னதும் கடித்துக்கொண்டு ஓடும். அவர் வண்டியில் பெரியதில் முப்பத்தேழு பல், சின்னதில் ஒன்பது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும். சென்னையில் அந்தக் காலத்தில் செய்த ஒரு சின்னக் குடும்பக் காரின் பின் பெட்டி இதற்கு அப்படியே பொருந்தும். அதில் முப்பத்தொன்பதுக்கு எட்டு. சுற்று கிட்டத்தட்ட ஐந்து. இழுவை கூடும். கடைத்தெருவில் மூன்றாவது கியரிலேயே ஊர்ந்து போகலாம். வெளியே வந்தால் அதே கியரில் அறுபதுவரை போகலாம். மாற்ற வேண்டிய வேலை பாதி குறையும்.

பழைய இரும்புக் கடையில் ஒன்று பார்த்து வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன்.

"இதுக்கு எதைங்க விடணும்?"

"ஸ்பீடு மேடம். தொண்ணூறு தாண்டினா என்ஜின் கத்தும். நூறெல்லாம் மறந்துடணும்."

பென்சிலை வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

"வேறங்க?"

"பெட்ரோலு கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும். மீட்டரு பொய் சொல்லும். அம்பதுல போனா அறுவதுன்னு காட்டும்."

அதையும் எழுதினார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல மேடம்."

அப்படித்தான் சொன்னேன்.

வண்டியை அன்றைக்கே விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார். கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பக்கமாகத் திருப்பினார். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. ரோட்டில் ஆள் இல்லை. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் உப்பங்கழி. நான்காவது கியர் போட்டார். அதற்குப் பிறகு இடது கால் சும்மா இருந்தது. எண்பது. நூறு. நூற்றுப் பத்து. என்ஜின் சத்தம் ஒரே கம்பிபோல நின்றது. அவர் முதுகு சீட்டில் படவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மாமல்லபுரம் வந்ததும் வேகத்தைக் குறைத்துத் திரும்பினார். திரும்பும்போதும் அப்படியே வந்தார். வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"கழட்டிருங்க."

நடந்தது இவ்வளவுதான். பிறகு அந்தச் சாலையைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

கடலும் அப்படித்தான். ஒருநாள் கேட்டேன். "கடலு இவ்ளோ கிட்டக்க கீதே, போவ மாட்டீங்களா மேடம்?"

"போன வருஷத்தோட விட்டுட்டேங்க. மணல்ல கால் இழுக்குது."

காபியை விட்டுவிட்டேன் என்பதுபோலச் சொன்னார். மாடியையும் விட்டிருந்தார். மாடிப்படிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, மாடியில் இருந்த புத்தகங்களைக் கல்பாக்கம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் கட்டிய புடவையை விட்டுப் பேண்ட்டுக்கு மாறியதும் கிளட்சுக்காகத்தான்.

வேலை எட்டு நாள் பிடித்தது. பல்லில் நீலம் தடவி, சுற்றிவிட்டு, எங்கே கடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். காகிதக் கனம் தள்ளினாலும் ஊளையிடும். அவர் தினமும் பஸ்ஸில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இடது காலை ஒரு பழைய டயரின் மேல் தூக்கி வைத்திருப்பார். அதைச் செய் இதைச் செய் என்று சொன்னதில்லை.

கடைசி நாள் அவர் வருமுன் நான் ஓட்டிப் பார்த்தேன். என் இடது கால் என்னுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்போது ஒன்று தெரிந்தது. வண்டியைக் கிளப்பும்போது கிளட்சை மெதுவாக விட வேண்டும். மெதுவாக விடுவதுதான் பலமில்லாத காலுக்குக் கஷ்டம். மிதிப்பதைவிடக் கஷ்டம். சட்டென்று விட்டால் என்ஜின் அணையும். அதனால் ஐட்லிங்கை ஏற்றினேன். ஐட்லிங் என்பது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் தானாக ஓடுகிற ஓட்டம். கார்புரேட்டரில் ஒரு ஸ்குரு இருக்கும். முக்கால் திருகு திருகினேன். இப்போது கிளட்சை எப்படி விட்டாலும் அணையவில்லை. புதுப் பல்லுக்கு வண்டி தானாக நகர்ந்தது.

அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எதை விட வேண்டும் என்பார். விட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

வெள்ளிக்கிழமை மறுபடி வாஷரோடு உட்கார்ந்து வந்தேன். காப்பகத்து வாசலில் எண்ணினோம். பத்துப் பத்தாக வரிசை வைத்தார். ஐந்து வரிசையும் ஏழும். என் இடது பையில் மீந்திருந்ததில் மூன்று வாஷர் வாங்கி அந்த ஏழோடு வைத்து அறுபதாக்கிப் பார்த்தார். பிறகு அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டார்.

"இதை நான் வெச்சுக்கறேங்க."

"துருப்புடிச்சது மேடம். புதுசு தரேன்."

"இதேதான் வேணும்."

கிளம்பும்போது, "தொட்டவுடனே போகுதுங்க தம்பி. வெண்ணெய் மாதிரி" என்றார். நான் வாஷர்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினார். மீட்டர் பொய் சொல்வதால் அதன் கண்ணாடியின் மேல் சிவப்பு நகப் பூச்சால் சரியான எண்களைத் தானே எழுதிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் பட்டறையைத் தாண்டும்போது ஹாரன் ஒரு தடவை அடிப்பார்.

பிறகு ஒருநாள் ஆயில் மாற்ற வந்தவரின் இடது செருப்பைப் பார்த்தேன். அடியில் தடித்த ரப்பர் வைத்துத் தைத்திருந்தார். மிதி நழுவாமல் இருக்க.

"அறுவது வரைக்கும் இன்னும் வருதா மேடம்?"

"வருதுங்க."

எதையும் யோசித்துச் சொல்கிறவர் அதை யோசிக்காமல் சொன்னார். எனக்கு உறுத்தியது. கேட்காமல் விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போன் வந்தது.

"வண்டி நிக்கலைங்க. குளத்துக்கிட்ட இருக்கறோம். வர முடியுங்களா?"

குரலில் நடுக்கம் இல்லை. டூவீலரை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பௌர்ணமி. திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்ற வந்த கூட்டம் மதியமே சேர்ந்திருந்தது. வண்டியின் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பூக்கூடை நசுங்கிக் கிடந்தது. பூக்காரம்மா குளத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கி வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்த அம்மா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் துண்டால் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா நீ, கண்ணு கீது இல்ல? ஆளு குந்திக்கினு கீறது தெரியல?" பூக்காரம்மா அழுதுகொண்டே கத்தினார். "பூவு போனா போவுது. இது வலது கையி. நாளைக்கு யாரு பூ கட்டுவா, நீயா வந்து கட்டுவ?"

"வர்றேங்க."

"வர்றாளாம்!"

சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த ஓட்ட டப்பா?"

"தண்ணி கிண்ணி போட்டுக்கீதா?"

"ச்சீ, வாய மூட்றா. பெரியவங்க."

தங்கச்சி வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். என்ஜின் அணைந்து காற்று நின்றுபோனதால் தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து நோட்டைத் திறந்து என்ன நடந்தது என்று கேட்டார். கூட்டம் குறுக்கே வந்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பழைய வண்டி. யாரும் நம்புவார்கள். அந்த அம்மா எழுந்து நின்றார்.

"நான்தாங்க ஓட்டினேன். கூட்டத்தைப் பாத்து நிறுத்தப் போனேன். இடது கால் கிளட்சை மிதிக்கலை. பிரேக் மிதிச்சேன். அப்படியும் ஆறடி போயிருச்சு. எனக்குக் கால்ல பலம் இல்லைங்க. மூணு வருஷமாவே இல்லை. எழுதிக்குங்க."

எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு பேச்சில் லைசன்ஸ் போயிற்று. காப்பகத்து வழியும் அடைபட்டது. சொல்லும்போதே அது அவருக்குத் தெரியும்.

பூக்காரம்மாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காப்பகத்திலிருந்து ஆள் வந்து தங்கச்சியை வேனில் ஏற்றினார்கள். மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டியை நான் சதுரங்கப்பட்டினத்துக்கு ஓட்டிப் போனேன்.

ஆறடி என்று அவர் சொன்னது மனதில் நின்றது. ஊரைத் தாண்டி ஆளில்லாத இடத்தில் முதல் கியரில் ஊர்ந்தேன். கிளட்சைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மிதித்தேன். எந்த வண்டியும் அப்படிச் செய்தால் ஒரு உதறல் உதறி அணைந்து நின்றுவிடும். இது அணையவில்லை. முக்கிக்கொண்டே முன்னால் போயிற்று. பிறகுதான் அணைந்தது. இறங்கிக் காலடி வைத்து அளந்தேன். ஆறடி.

என்ஜின் அணைவதும் ஒரு பிரேக். கால் தோற்றுப்போகிற ஆளுக்கு அதுதான் கடைசிப் பிரேக். பல்லை மாற்றியதில் அது பாதி போயிற்று. நான் ஏற்றிய முக்கால் திருகில் மீதியும் போயிற்று. வேற ஒண்ணும் இல்ல என்று சொன்னவன் நான்.

வண்டியை ஷெட்டில் விட்டுச் சாவியை வேலைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை திருக்கழுக்குன்றம் போக வேண்டியிருந்தது. குளத்தருகே பூக்கடையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். காலை நீட்டிக்கொண்டு மல்லி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு பூக்காரம்மா.

"இன்னா முடிச்சு இது? அரிசி மூட்டையா கட்ற? பூவுக்கு வலிக்கும்மே. லூசா சுத்து."

"சரிங்க."

"நீ இன்னாத்த பெரிய ஆபீசுல கிழிச்சியோ."

அந்த அம்மா பிரித்து மறுபடி கட்டினார். என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்து கட்டிக் கொடுத்துவிட்டு, வேறு பஸ் பிடித்துத் தங்கச்சியைப் பார்க்கப் போகிறார் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார்.

நான் அப்படியே சதுரங்கப்பட்டினம் போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். சாயந்திரம் வந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். நான் நின்றேன்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வண்டி குடுக்கறப்ப ஐட்லிங்க ஏத்திட்டேன். முக்கால் திருவு. ஒங்களுக்கு நோவாம கெளம்பணும்னு. சொல்லல ஒங்களாண்ட."

அவர் விரலில் ஒட்டியிருந்த பூ நாரைப் பிய்த்துப் போட்டார்.

"அது இல்லன்னா, பிரேக்க மிதிச்சதும் என்ஜின் ஆஃப் ஆயிருக்கும். அங்கயே நின்னிருக்கும். கூடை வரைக்கும் போயிருக்காது."

"பழைய ஐட்லிங்ல, புதுப் பல்லுல, ரெண்டு அடில நின்னிருக்குங்களா?"

"நின்னிருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"நானு ஸ்டேசன்ல வந்து சொல்றேன் மேடம். காப்பகத்துலயும் சொல்றேன். தப்பு வண்டில, நான் வெச்ச தப்புன்னு. நம்புவாங்கோ. நீங்கோ மறுபடி ஓட்டலாம்."

வெளியே கடல் சத்தம் கேட்டது.

"இப்ப ஏழு நாளும் ஊசி போடறாங்க அவளுக்கு" என்றார். "நான் போய் உக்காந்தா என்னைப் பாக்க மாட்டேங்கறா. வாசலைப் பாக்கறா."

சரி என்று சொல்லப் போகிறார் என்று இருந்தேன். சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

"வேண்டாங்க தம்பி."

"இன்னாத்துக்கு மேடம்?"

"நீங்க சொன்னா அவங்க நம்பிருவாங்க. நானும் நம்பிருவேன்."

அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் கால் ரெண்டு தடவை மிதிக்கலைங்க. ஆள் இல்லாத எடம், தப்பிச்சது. உங்ககிட்ட சொல்லலை. நீங்க ஒண்ணு சொல்லலை, நான் ஒண்ணு சொல்லலை. அடுத்த தடவை பூக்கூடையோட நிக்கும்னு யாரு கண்டா? நான் இருக்கற வரைக்கும் இந்த ஸ்குரு விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம். காலுன்னே இருக்கட்டும். இல்லைன்னா எந்நேரமும் எனக்குச் சாவி மேலயே கண்ணு இருக்கும்."

அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு அதோடு அனுப்பிவிடவில்லை. "வண்டியை வாங்கறதுக்கு ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஸ்குருவைப் பழையபடி வெச்சுட்டுப் போங்க" என்றார்.

ஷெட்டைத் திறந்தேன். பானட்டைத் தூக்கி என்ஜினை ஓடவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். ஸ்குருடிரைவரை வைத்துக் கால் திருகு இறக்கினேன். அரை. முக்கால். ஓட்டம் தணிந்தது.

"போதுமா மேடம்?"

தலையைச் சாய்த்து என்ஜின் ஓட்டத்தைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் திருகினேன். என்ஜின் இரண்டு தடவை குலுங்கி அணைந்துபோனது. ஷெட்டில் பெட்ரோல் வாசனை மட்டும் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார்.

"அணைஞ்ச எடத்துக்கு ஒரு நூல் முன்னாடி வெய்ங்க."

வைத்தேன்.